நமீபியாவில் கூடூ வேட்டை: புது ரைஃபிள் வாங்க வேண்டுமா, வேறு என்ன தயாரிப்பு?

டாலஸ் செல்வம்

எல்லோருக்கும் வணக்கம். டெக்சாஸில் பல வருஷமாக மான் வேட்டைக்குப் போய்வருகிறேன். வெள்ளைவால் மான், அப்புறம் ஆக்சிஸ். ஆக்சிஸ் என்பது நம்ம ஊர்ப் புள்ளிமான்தான். 1930களில் இங்கே கொண்டுவந்து விட்டார்கள், இப்போது ஹில் கன்ட்ரி முழுக்கப் பெருகிக் கிடக்கிறது. இந்தியாவில் 1972 சட்டப்படி அதைத் தொட முடியாது, இங்கே வருஷம் முழுக்கச் சுடலாம்.

அடுத்த ஜூன் மாதம் நமீபியா போகலாம் என்று இருக்கிறேன். ஓச்சிவாரொங்கோ பக்கம் ஒரு பண்ணை, ஏழு நாள். கூடூ (முறுக்குக் கொம்புள்ள பெரிய மான் வகை), ஓரிக்ஸ் (நீண்ட நேர்க் கொம்புள்ளது), ஸ்பிரிங்பாக் (சின்ன மான்), முடிந்தால் ஒரு வார்ட்ஹாக் (காட்டுப்பன்றி வகை). வேட்டையை ஏற்பாடு செய்து தரும் அவுட்ஃபிட்டரிடம் பேசிவிட்டேன், முன்பணம் இன்னும் கட்டவில்லை. 16 வயது மகனும் கூட வருகிறான்.

என்னிடம் இருப்பது ஒரு .308 ரைஃபிள், போல்ட் ஆக்‌ஷன். கூடூ 250 கிலோவுக்கு மேல் இருக்கும், அதைவிடப் பலமான .300 வின் மேக்னமாவது வேண்டும் என்கிறார்கள் சில நண்பர்கள். ஆப்பிரிக்கா என்றாலே .375தான் என்கிறார் இன்னொருவர். வாங்கலாமா? பேப்பர் வேலை என்னென்ன? ஃப்ராங்க்ஃபர்ட் வழியாகப் போவதா, ஜோஹானஸ்பர்க் வழியாகவா? போய்வந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கரிசல்காட்டான் (சான் அன்டோனியோ)

தம்பி, ரைஃபிள் வாங்க வேண்டாம். அந்தக் காசுக்குத் தோட்டா வாங்குங்கள்.

நமீபியாவில் இதற்குச் சட்டமே இருக்கிறது. ஸ்பிரிங்பாக் மாதிரி சின்ன மிருகத்துக்குத் தோட்டாவின் சக்தி குறைந்தது 1,350 ஜூல் வேண்டும். கூடூ, ஓரிக்ஸ், ஹார்ட்டபீஸ்ட், ஏன் இன்னும் பெரிய மான் வகையான ஈலண்டுக்கே 2,700 ஜூல் போதும். காட்டெருமை, யானைக்குத்தான் 5,400. உங்கள் .308 குழல் முனையில் சாதாரணமாக 3,500 ஜூல் தருகிறது. நல்ல கட்டுள்ள புல்லட்டாகப் போடுங்கள், நோஸ்லர் பார்ட்டிஷன், பார்ன்ஸ் டிஎஸ்எக்ஸ் அந்த மாதிரி, 165 அல்லது 180 கிரெய்ன் எடை. மானுக்கு என்று விற்கும் மலிவான மெல்லிய புல்லட் ஓரிக்ஸின் தோள் எலும்பில் பட்டுச் சிதறினால் உள்ளே போகாது.

புது மேக்னம் வாங்குகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்றுதான். உதை தாங்காமல் டிரிகரை இழுக்கும்போதே கண்ணை மூடுவார்கள், குறி வயிற்றுக்குப் போய்விடும். பழகின .308 வைத்திருப்பவன் தோளில் போடுவான். கூடூவுக்கு வித்தியாசம் தெரிவது அங்கேதான்.

நீங்கள் இங்கே எப்படிச் சுடுகிறீர்கள்? பெரும்பாலும் பெட்டிக் குடிலுக்குள் உட்கார்ந்து, ஜன்னல் விளிம்பில் துப்பாக்கியைச் சாய்த்து, தீவனம் கொட்டும் இடத்துக்கு 80, 100 கஜத்தில் வரும் மானை. அங்கே அது கிடையாது. நடந்து போய், முள்காட்டுக்குள், நின்றபடி, மூன்று கால் ஷூட்டிங் ஸ்டிக்கில் வைத்துச் சுடவேண்டும். பி.ஹெச். (புரொஃபஷனல் ஹன்டர், உங்களைக் கூட்டிப்போகும் வேட்டை வழிகாட்டி) முன்னால் போவார். கையில் ஒரு சின்னப் பாட்டில், உள்ளே சலித்த சாம்பல். நாலு எட்டுக்கு ஒருமுறை அதை அமுக்கிக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். திடீரென்று குனிவார், ஸ்டிக்கை விரித்து உங்களுக்கு முன்னால் நடுவார், 'இடமிருந்து மூன்றாவது, அது திரும்பட்டும்' என்று காதருகே சொல்வார். உங்களுக்கு அப்போது சாம்பல் நிற மரக்கிளைகளைத் தவிர ஒன்றும் தெரியாது. அதில் ஒரு கிளை காதை ஆட்டும், அதுதான் கூடூ. துப்பாக்கியை ஸ்டிக்கில் ஏற்றி, ஸ்கோப்பில் அதைப் பிடித்து, தோளைக் கண்டுபிடித்துச் சுட உங்களுக்குப் பத்து விநாடி கிடைத்தால் அதிகம்.

அதனால் இன்றைக்கே ஒரு செட் ஸ்டிக் வாங்குங்கள். ரேஞ்சில் பெஞ்ச் பக்கமே போகாதீர்கள், ஸ்கோப் ஸீரோ (குறி வைத்த இடத்தில் தோட்டா விழுகிறதா) பார்ப்பதோடு சரி. நின்றுகொண்டு முதலில் 50 கஜம், அப்புறம் 100, 150, கடைசியில் 200. இடது கையால் ஸ்டிக் சேரும் இடத்தையும் துப்பாக்கியின் முன்கட்டையையும் சேர்த்துப் பிடியுங்கள். வலது முழங்கை தொங்கினால் ஸ்கோப் ஆடும். பையையோ இன்னொரு கம்பையோ அதற்குக் கீழே முட்டுக் கொடுங்கள். அங்கே ட்ராக்கரின் (தடம் பார்த்துப் போகும் ஆள்) தோள் அதற்கு உதவும். கொஞ்ச தூரம் ஓடிவிட்டு, மூச்சு வாங்கும்போதே சுட்டும் பழகுங்கள். ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குள் எந்தத் தூரம் வரைக்கும் எல்லாத் தோட்டாவும் விழுகிறதோ, அதுதான் உங்கள் தூரம். முதல் நாளே பி.ஹெச்.சிடம் அதை நேராகச் சொல்லிவிடுங்கள். 150 கஜம் என்றால் 150 கஜம். நல்ல பி.ஹெச். அதற்குத் தகுந்தபடி உங்களைக் கிட்டே கூட்டிப்போவார்.

அடுத்து, எங்கே சுடுவது. டெக்சாஸ்காரர்கள் அங்கே போய்க் காயப்படுத்துவதற்கு முக்கியக் காரணம் இதுதான். வெள்ளைவாலில் தோளுக்குக் கொஞ்சம் பின்னால் வைத்துப் பழகியிருப்போம். ஆப்பிரிக்க மான் வகைகளுக்கு இதயமும் நுரையீரலும் இன்னும் முன்னால், இன்னும் கீழே இருக்கின்றன. பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் கோட்டைப் பிடித்து மேலே ஏறி, உடம்பில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நிறுத்துங்கள். ஓரிக்ஸில் இன்னும் கவனம் வேண்டும். தோளுக்கு மேலே திமில் மாதிரி உயர்ந்திருப்பதால் கண் தானாக மேலே போகும், தோட்டா முதுகெலும்புக்கு மேல் சதையில் போய்விடும். விழுந்த ஓரிக்ஸுக்கு முன்பக்கமாகப் போகவே போகாதீர்கள். படுத்த இடத்திலிருந்தே கொம்பை வீசும். பின்னாலிருந்து, பி.ஹெச். சொன்ன பிறகு. ஆண், பெண் இரண்டுக்கும் கொம்பு உண்டு, பெண்ணுக்கு நீளமாகவும் மெல்லிதாகவும் இருக்கும். எதைச் சுடுவது என்பதை அவர் சொல்லட்டும்.

காயப்பட்டு ஓடிவிட்டால் முழு டிராஃபி கட்டணம் (சுட்ட மிருகத்துக்கான தொகை) கட்டவேண்டும், அது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம். ஆனால் எனக்குக் காசு பெரிதல்ல. வயிற்றில் தோட்டாவோடு ஒரு மிருகம் ராத்திரி முழுக்க முள்ளுக்குள் கிடக்கக்கூடாது. அதற்காகத்தான் இத்தனை பயிற்சி. இதைச் செய்ய நேரமில்லை என்றால் பயணத்தை ஒரு வருஷம் தள்ளிப் போடுங்கள் என்றே சொல்வேன்.

முன்பணம் கட்டுவதற்கு முன்னால் அவுட்ஃபிட்டரிடம் எழுத்தில் வாங்கவேண்டியது நிறைய இருக்கிறது. உங்களைக் கூட்டிப்போகும் ஆள் சுற்றுச்சூழல் அமைச்சகத்தில் பதிவு செய்தவரா, எந்த வகையில்? ஹன்டிங் கைடு, மாஸ்டர் ஹன்டிங் கைடு, புரொஃபஷனல் ஹன்டர் என்று தனித்தனி உரிமம் அங்கே. உங்கள் பேரில் டிராஃபி வேட்டை பெர்மிட் எடுத்தாகிவிட்டதா? அது இல்லாமல் ஒரு தோட்டாகூடச் சுடக்கூடாது. ஒரு பெர்மிட்டில் ஓர் இனத்தில் இரண்டுக்கு மேல் கிடையாது. தினக் கட்டணத்தில் என்னென்ன அடங்கும், கூட வரும் மகனுக்கு எவ்வளவு, 15 சதவீத வாட் சேர்த்தா சேர்க்காமலா, விமான நிலையத்தில் வந்து கூட்டிப்போக எவ்வளவு, டிராஃபியைப் பதப்படுத்திக் கட்டும் செலவு யார் பேரில்? பண்ணை எத்தனை ஹெக்டேர், உயரமான வேலியா, சாதாரண மாட்டு வேலியா என்றும் கேளுங்கள். மாட்டு வேலியைக் கூடூ நின்ற இடத்திலிருந்தே தாண்டிவிடும், அங்கே இருப்பது தன் இஷ்டத்துக்குச் சுற்றும் காட்டு மிருகம். எனக்கு அந்த மாதிரிப் பண்ணைதான் பிடிக்கும். இந்த வருஷம் போய்வந்த மூன்று நான்கு பேரின் தொடர்பு கேளுங்கள். ஒன்றும் கிடைக்காமல் திரும்பினவர் ஒருவராவது அதில் இருக்கட்டும். அவரைப் பண்ணைக்காரர் எப்படி நடத்தினார் என்பதில் எல்லாம் தெரிந்துவிடும்.

இனி பேப்பர். அமெரிக்க சுங்கத்தில் 4457 என்று ஒரு ஃபார்ம். கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே துப்பாக்கியைப் பெட்டியில் வைத்து அலுவலகத்துக்கு நேரில் கொண்டுபோகவேண்டும். சீரியல் நம்பரைப் பார்த்து முத்திரை போட்டுத் தருவார்கள். திரும்பி வரும்போது அது உங்கள் துப்பாக்கிதான் என்பதற்கு அதுவே சாட்சி, நமீபியாவிலும் உரிமையைக் காட்ட அதையே கேட்பார்கள். போகும் முன் ஃபோன் செய்து நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். தெர்மல் ஸ்கோப் வைத்திருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள், அதற்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு உண்டு. கைத்துப்பாக்கி, செமி ஆட்டோமேட்டிக் இரண்டுக்கும் நமீபியாவில் இடமில்லை.

விண்ட்ஹுக்கில் ஹோசியா குடாகோ விமான நிலையத்தில் இறங்கியதும் போலீஸ் கவுண்டரில் தற்காலிக இறக்குமதி பெர்மிட் தருவார்கள். படிவத்தை அவுட்ஃபிட்டரிடம் முன்கூட்டியே வாங்கி நிரப்பி வைத்துக்கொண்டால் வேலை சீக்கிரம் முடியும். விசாவும் உண்டு. 2025 ஏப்ரல் 1 முதல் அமெரிக்க பாஸ்போர்ட்டுக்கும் விசா வேண்டும், 1,600 நமீபிய டாலர். ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். முத்திரை குத்தியதும் எத்தனை நாள் எழுதியிருக்கிறார்கள் என்று அங்கேயே நின்று பாருங்கள்.

வழியைப் பொறுத்தவரை, ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து விண்ட்ஹுக்குக்கு டிஸ்கவர் ஏர்லைன்ஸ் நேராகப் போகிறது. டாலஸிலிருந்து ஒரே டிக்கெட்டாக, பெட்டி விண்ட்ஹுக் வரை டேக் ஆகும்படி எடுங்கள். துப்பாக்கி கொண்டு போகிறேன் என்று டிக்கெட் எடுத்தவுடனே சொல்லி, அவர்கள் ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்குங்கள். தோட்டா தலைக்கு 5 கிலோதான், செக்-இன் பெட்டியில் மட்டும். ரைஃபிள் பெட்டிக்குள் போடாமல் தனியாகப் பூட்டிய சின்னப் பெட்டியில் வைத்தால் எந்த விமான நிலையத்திலும் பிரச்சினை வராது.

ஆல்பர்ட்டா பாலா

கரிசல் அண்ணை சொன்னதோட ரெண்டு விஷயம் சேர்க்கிறேன். நான் போனது தென்னாப்பிரிக்கா, லிம்போப்போ பக்கம். ஜோஹானஸ்பர்க் வழியாப் போறவைக்கு இது பயன்படும்.

பெட்டி நேரா விண்ட்ஹுக் வரைக்கும் டேக் ஆகியிருந்து, ஜோஹானஸ்பர்க்கில் விமானம் மட்டும் மாறுறீங்கள் எண்டால் தென்னாப்பிரிக்க பெர்மிட் தேவையில்லை. ஆனால் ஒரு இரவு தங்கிப் பெட்டியைக் கையில் எடுத்தால் எஸ்ஏபிஎஸ் (தென்னாப்பிரிக்க போலீஸ்) 520 ஃபார்ம் கட்டாயம் வேணும். கறுப்பு மையில் நிரப்ப வேணும், கையெழுத்தை மட்டும் அங்க போய் போலீஸுக்கு முன்னால்தான் போட வேணும். பலர் வீட்டிலேயே கையெழுத்து வைச்சுக்கொண்டு போய் திரும்ப எழுதுகினம். ரெண்டு தனி டிக்கெட் எடுத்து இந்தச் சிக்கலுக்குள்ள மாட்டாதேங்கோ.

எனக்கு நடந்தது, ரைஃபிள் பெட்டி என்னோட வந்து சேரேல்ல. விமானக் கம்பனி எங்கயோ விட்டிட்டுது. பண்ணையில் இருந்த வாடகை ரைஃபிளை எடுத்துச் சுட்டன். சைலன்சரோட இருந்தது, உதையும் குறைவு, சத்தமும் குறைவு, ஒரு குறையும் இல்லை. ஸ்டிக்கில் பழகியிருந்ததால் துப்பாக்கி மாறினதும் பெரிசாத் தெரியேல்ல. அதால செல்வம் அண்ணை, வாடகையையும் ஒருக்கா யோசியுங்கோ. 4457, விமானக் கம்பனி, இறக்குமதி பெர்மிட், இந்தத் தலையிடி முழுக்க இல்லாமல் போகும். உங்கட பண்ணையில் என்ன காலிபர், என்ன ஸ்கோப் எண்டு மட்டும் முதலே கேட்டு வையுங்கோ.

விண்ட்ஹுக் மலர்

நான் வேட்டைக்காரி இல்லை. கணவரின் வேலைக்காக இங்கே வந்து குடியேறியவள், பண்ணைக் குடும்பங்கள் பலரைத் தெரியும். அந்த அளவில் சொல்கிறேன்.

ஜூன் மாதம் என்றால் குளிரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! விண்ட்ஹுக்கே கடல் மட்டத்திலிருந்து 1,650 மீட்டருக்கு மேல். பகலில் இருபது டிகிரிக்கு மேல் இதமாக இருக்கும், சில நாள் விடியற்காலையில் தண்ணீர் உறையும். அந்த நேரத்தில்தான் திறந்த வண்டியில் பின்னால் நின்றுகொண்டு போவார்கள். கம்பளித் தொப்பி, கையுறை, காற்றுப் புகாத ஜாக்கெட் மூன்றும் கட்டாயம். மற்றத் துணி மூன்று செட் போதும், பண்ணைகளில் தினமும் துவைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். ராணுவ மாதிரி புள்ளிச் சட்டை வேண்டாம், காக்கி அல்லது ஆலிவ் பச்சை. ஜிம்பாப்வே பக்கம் போகும் எண்ணம் இருந்தால் அந்தச் சட்டைக்குச் சட்டமே தடை. துணி கனமானதாக இருக்கட்டும். இங்கே ஸ்வார்ட்ஹாக் என்று ஒரு முள்மரம், முள் பின்பக்கமாக வளைந்திருக்கும். பிடித்தால் விடாது, பின்னுக்கு வந்துதான் எடுக்கவேண்டும்.

இன்னொன்று முக்கியம். இங்கே கூடூவுக்கு வெறிநோய் வரும். 1977 முதல் அலை அலையாக வந்திருக்கிறது, எச்சில் வழியாக ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவுகிறது. மனிதனைக் கண்டு ஓடாமல் நிற்கும், வாயில் நுரை தள்ளும், சில நேரம் வீட்டு முற்றத்துக்கே வந்துவிடும். அப்படி ஒன்றைப் பார்த்தால் கிட்டே போகாதீர்கள். நோய் எதுவும் தெரியாத, நீங்கள் சுட்ட கூடூவின் வாயையும் தலையையும்கூட வெறும் கையால் தொடவேண்டாம், குறிப்பாக ஃபோட்டோ எடுக்கும் ஆர்வத்தில். தம்பி, உங்கள் மகனுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஓச்சிவாரொங்கோ பக்கம் குளிர்காலத்தில் மலேரியா பயம் குறைவு. எட்டோஷா தேசியப் பூங்காவுக்கு வடக்கே போனால் கதை வேறு, பயண மருத்துவரிடம் வழியைக் காட்டிக் கேளுங்கள்.

இறைச்சி உங்களோடு வராது, பண்ணையில்தான் இருக்கும். அது வீணாவதில்லை, வேலையாட்கள் குடும்பங்களுக்குப் போகிறது, மிச்சம் பில்டாங் (உப்பும் மசாலாவும் போட்டு உலர்த்திய கறி) ஆகிறது. அரசு 1996இல் சட்டத்தைத் திருத்தி, கிராமத்து மக்களே தங்கள் நிலத்து விலங்குகளால் வருமானம் பெறலாம் என்று ஆக்கியது. 1998இல் நான்கு கன்சர்வன்சிகள் (ஊர்மக்களே விலங்குகளை நிர்வகிக்கும் பகுதிகள்) தொடங்கின, இப்போது 86 இருக்கின்றன. அங்கே வேட்டைக் கட்டணம் ஊர்ப் பொதுவுக்குப் போகும், கறி வீட்டுக்கு வீடு பங்காகும். நீங்கள் போவது தனியார் பண்ணை. ஆனாலும் கறி யாருக்குப் போகிறது என்று கேளுங்கள். கேட்கிற விருந்தாளியை இங்கே மதிக்கிறார்கள். ஓரிக்ஸ் ஃபில்லெட்டைச் சமையல்காரம்மாவிடம் சொல்லி மிளகு தட்டிப்போட்டு ஒருநாள் சுக்கா வறுத்துப் பாருங்கள். மாட்டுக்கறி சாப்பிடாதவர் என்றால் முன்பே எழுதிவிடுங்கள், இல்லையென்றால் இருபொழுதும் அதுதான் வரும்.

டாலஸ் செல்வம்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. .300 யோசனையை விட்டுவிட்டேன், ஸ்டிக் ஆர்டர் செய்தாயிற்று. மலர் அக்கா, வெறிநோய் விஷயம் எங்கேயும் படிக்காதது.

இரண்டு கேள்வி பாக்கி. மகனிடம் ஒரு .243 இருக்கிறது, அதில் நன்றாகச் சுடுவான். அவனும் ஒன்று சுடலாமா? அப்புறம், கூடூ கொம்பை எப்படி வீட்டுக்குக் கொண்டுவருவது? சுவரில் தலை மாட்டுவதற்கு வீட்டில் சம்மதம் இல்லை.

கரிசல்காட்டான் (சான் அன்டோனியோ)

.243இன் 100 கிரெய்ன் தோட்டா 2,700 ஜூலை ஒட்டித்தான் நிற்கும், பலதும் அதற்குக் கீழே. கூடூவுக்கும் ஓரிக்ஸுக்கும் அது வேண்டாம். ஸ்பிரிங்பாக்குக்குத் தாராளம். அவனுக்கு ஸ்பிரிங்பாக் கொடுங்கள். திறந்தவெளியில் மேயும் மிருகம், கிட்டே போவதற்கு ஊர்ந்து போகவேண்டும், ஒரு பையனுக்கு அதைவிட நல்ல வேட்டை கிடையாது. ஆனால் அவன் வேட்டைக்காரனாக வருகிறான் என்று அவுட்ஃபிட்டரிடம் இப்போதே சொல்லி, அவன் பேரிலும் பெர்மிட் கேளுங்கள். அவனுக்காக இரண்டாவது துப்பாக்கி கொண்டுபோவதைவிடப் பாலா சொன்னபடி வாடகைக்கு எடுப்பது சுலபம். உங்கள் .308இலேயே பழகினாலும் சரி. மகனின் பிறப்புச் சான்றிதழையும், அம்மா கூட வரவில்லை என்றால் அவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தையும் நோட்டரி முத்திரையோடு கையில் வைத்திருங்கள், குடிநுழைவில் கேட்பார்கள்.

கொம்பைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவர முடியாது. அங்கே பதப்படுத்தி, கால்நடை மருத்துவச் சான்று வாங்கி, சரக்காக அனுப்புவார்கள். இங்கே வனவிலங்குத் துறையின் 3-177 அறிவிப்பு, வேளாண் துறையின் சோதனை இரண்டும் உண்டு. ஒரு கிளியரிங் ஏஜென்டை முன்பே பிடித்துவிடுங்கள், அவரைக் கேட்டு எந்தத் துறைமுகம் என்று முடிவு செய்யுங்கள். கையில் வந்து சேர ஒரு வருஷம் ஆனாலும் ஆச்சரியமில்லை. கூடூ, ஓரிக்ஸ், ஸ்பிரிங்பாக், வார்ட்ஹாக் நான்குமே சைட்டீஸ் (அருகிவரும் உயிரின வர்த்தகத்துக்கான சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் இல்லாததால் உங்களுக்கு வேலை குறைவு. ஹார்ட்மன் மலை வரிக்குதிரை, லெச்வே மான் என்று அங்கே போன பிறகு ஆசை வந்தால் அது சைட்டீஸ் இரண்டாம் பட்டியல், சிறுத்தை முதல் பட்டியல். கேம்ப் ஃபயர் பக்கத்தில் உட்கார்ந்து முடிவெடுக்கிற விஷயம் அல்ல, பேப்பர் முன்னாலேயே தயாராக இருக்கவேண்டும். வார்ட்ஹாக்கின் தோல் பன்றிக் காய்ச்சல் விதிகளில் மாட்டும், அதனால் தந்தத்தையும் மண்டையையும் மட்டும் எடுத்தால் போதும்.

வீட்டில் தலை வேண்டாம் என்றால் ஐரோப்பிய மவுன்ட் என்று சொல்லுங்கள். மண்டையோட்டை வேகவைத்து வெளுத்து, கொம்போடு அப்படியே தருவார்கள். டாக்சிடெர்மி செலவில் பெரும்பகுதி மிச்சம், பெட்டியும் சின்னது. அதுவும் வேண்டாம் என்று தோன்றினால் கொம்பை அங்கேயே பண்ணையில் விட்டுவிட்டு வரலாம், பலர் அப்படிச் செய்கிறார்கள். சரக்குக் கூலியோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கொம்பின் நீளத்தை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். ரோலண்ட் வார்ட் சாதனைப் புத்தகத்தில் ஏற 53 7/8 அங்குலம் வேண்டும், அதற்காகவே ஏழு நாளையும் ஓட்டித் தீர்க்கிறவர்கள் உண்டு. நமீபிய வேட்டைக்காரர் சங்கம் வயதைக் கணக்கில் எடுக்கும் ஓர் அளவுமுறையையும் வைத்திருக்கிறது. இனப்பெருக்கக் காலம் தாண்டிய, கொம்பு நுனி தேய்ந்த கிழட்டுக் கடாவைச் சுட்டால்தான் அதில் மதிப்பு. 'எனக்குக் கிழட்டுக் கூடூதான் வேண்டும், அங்குலம் வேண்டாம்' என்று முதல் நாளே சொல்லிப் பாருங்கள், பி.ஹெச். முகமே மாறிவிடும், வேறு மாதிரி உழைப்பார்.

டிப் விஷயம் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பி.ஹெச்., ட்ராக்கர், தோலுரிப்பவர், சமையல்காரர் என்று தனித்தனி உறையில் கடைசி நாள் கொடுங்கள். எவ்வளவு வழக்கம் என்று அவுட்ஃபிட்டரிடமே கேட்டுக்கொள்ளலாம். தென்னாப்பிரிக்க ரேண்டும் அங்கே செல்லும், மதிப்பு ஒன்றுக்கு ஒன்று. ட்ராக்கருக்குக் குறைக்காதீர்கள். கல் தரையில் ஒரு பொட்டு ரத்தம் விழுந்த இடத்தைக் குனிந்து கண்டுபிடித்து, அதிலிருந்து அடுத்த பொட்டுக்குப் போகிற ஆள் அவர்.

ஸ்டிக் வந்ததும் ஸ்டிக்கில் சுட்ட டார்கெட்டை இங்கே போடுங்கள், 100 கஜத்தில் பத்துத் தோட்டா. பார்த்துவிட்டு மேலே பேசலாம்.